கிளப்பே ஊரை விட்டுப் போய்விட்டால் ரசிகன் என்ன செய்வான்?

விம்பிள்டன் என்றால் நம்ம ஆட்களுக்கு டென்னிஸ்தான். ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 61லும் அரையிறுதி வரை போன இடம், விஜய் அமிர்தராஜ் ஆடிய இடம். அதே ஊரில் ஒரு கால்பந்து கிளப்பும் இருந்தது. இருந்தது, அப்புறம் இல்லாமல் போனது, மறுபடி இருக்கிறது. இந்த மூன்றில் எது எந்த அளவுக்கு உண்மை என்பதில்தான் சண்டையே.

கொஞ்ச நாளாக இங்கிலாந்து கால்பந்து ரசிகர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லியிருப்பதை எல்லாம் தேடித்தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் பிடிபடும்: பெரும்பாலான கதைகளுக்கு ஒரே எலும்புக்கூடு. ஆறேழு வயசில் அப்பாவோ தாத்தாவோ கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். முதல் மேட்ச் பெரும்பாலும் தோல்வியாக இருக்கும். அப்புறம் பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம், குழந்தை, அப்பாவின் சாவு. எல்லாமே அந்த வருஷம் டீம் எந்த டிவிஷனில் இருந்தது என்பதை வைத்துத்தான் ஞாபகத்தில் நிற்கும். நம்ம பாட்டிகள் "புயல் அடிச்ச வருஷம்", "பெரியவன் பொறந்த வருஷம்" என்று கணக்கு வைப்பார்களே, அதே மாதிரி. செத்த பிறகு சாம்பலை மைதானத்தில் தூவச் சொல்லி வைத்தவர்களும் உண்டு.

அங்கே அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு: மனைவியை மாற்றலாம், கட்சியை மாற்றலாம், மதத்தைக்கூட மாற்றலாம், கிளப்பை மட்டும் மாற்ற முடியாது. சரி, கேட்க நல்லாத்தான் இருக்கு. கிளப் உன்னை மாற்றிவிட்டால்? விம்பிள்டன்காரர்களுக்கு 2002ல் வந்த கேள்வி அதுதான்.

முதலில் பழைய கதை. 1889ல் ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள் விம்பிள்டன் காமன் என்ற ஊர்ப் பொதுவெளியில் ஆட ஆரம்பித்தார்கள். அப்போது பெயர் விம்பிள்டன் ஓல்ட் சென்ட்ரல்ஸ். 1912ல் ப்ளவ் லேன் என்ற தெருவில் சொந்த மைதானம். அதற்கப்புறம் ஐம்பது வருஷம், சம்பளம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் டீம். 1963ல் வெம்ப்ளியில் நடந்த அமெச்சூர் கோப்பை இறுதியில் சட்டன் யுனைடெட் டீமை 4-2 என்று ஜெயித்தார்கள். நான்கு கோலையும் போட்டவர் எடி ரெனால்ட்ஸ், நான்குமே தலையால் முட்டியது. சட்டன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1975 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில், லீக்கிலேயே இல்லாத இந்த டீம், முதல் டிவிஷனில் இருந்த பர்ன்லியை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என்று தோற்கடித்தது. அடுத்த சுற்றில் நடப்பு சாம்பியன் லீட்ஸ். அங்கே போய் 0-0. பீட்டர் லோரிமர் அடித்த பெனால்டியை கோல்கீப்பர் டிக்கி கை பிடித்துவிட்டார். ஆட்டம் இல்லாத நாட்களில் இவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா. மறு ஆட்டத்தில் 1-0 என்று தோற்றார்கள், அதுவும் டேவ் பாசெட்டின் காலில் பட்டுத் திரும்பி உள்ளே போன பந்து. அந்த மறு ஆட்டம் நடந்த இடம் செல்ஹர்ஸ்ட் பார்க். கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் மைதானம். கூட்டம் ப்ளவ் லேனில் கொள்ளாது என்று அங்கே மாற்றியிருந்தார்கள். இந்தப் பெயரும் திரும்ப வரும்.

அப்போதெல்லாம் லீக்குக்குள் நுழைய ஜெயித்தால் மட்டும் போதாது, உள்ளே இருக்கும் கிளப்புகள் வோட்டுப் போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1977ல் வொர்க்கிங்டனை வெளியே தள்ளி விம்பிள்டனைச் சேர்த்தார்கள். நான்காவது டிவிஷனிலிருந்து முதல் டிவிஷனுக்கு வர ஒன்பதே வருஷம். 1988 மே 14 அன்று வெம்ப்ளியில், அந்த சீசன் லீக் சாம்பியனான லிவர்பூலை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பை. கோல் லாரி சான்செஸ். ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியைப் பிடித்தவர் டேவ் பீசன்ட். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஒரு பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

அழகான ஆட்டமா என்றால் இல்லை. நீளமாகத் தூக்கி அடி, ஓடு, மோது. மற்ற ஊர் ரசிகர்களுக்கு இந்த டீமைக் கண்டாலே ஆகாது. அதனாலேயே உள்ளூர்க்காரர்களுக்குப் பிரியம் கூடிப்போனது என்று நினைக்கிறேன். ஊரே திட்டும் பிள்ளை மேல் அம்மாவுக்கு ஒரு தனிப் பாசம் இருக்கும் இல்லையா, அதுதான்.

இனி சறுக்கல். 1989ல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேர் உயிர் போனது. அதை விசாரித்த டெய்லர் அறிக்கை, மேல் டிவிஷன் மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்றது. ப்ளவ் லேனில் பாதி இடம் நின்று பார்ப்பதுதான். மைதானத்தைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லி 1991ல் கிளப்பை செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வாடகைக்குக் கொண்டுபோனார்கள். தற்காலிகம் என்றார்கள். நம்மூரில் தற்காலிக பஸ் ஸ்டாண்டு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷம் ஓடியது.

இந்தப் பன்னிரண்டு வருஷத்தைத்தான் ரசிகர்கள் வேறு குரலில் சொல்கிறார்கள். டீம் பிரீமியர் லீக்கில் இருக்கிறது, உலகத்தின் பெரிய டீம்கள் வருகின்றன. ஆனால் வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்து போகிற அந்தப் பாதை இல்லை. வழியில் பார்க்கிற அதே ஆட்கள், அதே கடை, அதே பப் எதுவும் இல்லை. அடுத்தவன் வீட்டில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சொந்த டீமைப் பார்க்க வேண்டும். 1993 ஜனவரியில் எவர்டனுக்கு எதிரான மேட்ச்சுக்கு வந்தவர்கள் 3,039 பேர். கோவிட் கட்டுப்பாட்டுக் காலத்தைத் தவிர்த்தால், பிரீமியர் லீக் வரலாற்றிலேயே அதைவிடக் குறைந்த கூட்டம் கிடையாது. இந்த எண்ணைத்தான் பின்னால் நிர்வாகம் ஆயுதமாகப் பயன்படுத்தியது: பாருங்கள், இந்த கிளப்புக்கு ஆளே இல்லை. மைதானத்தைப் பறித்துவிட்டுக் கூட்டம் வரவில்லை என்பது, கிணற்றை மூடிவிட்டுத் தண்ணி எடுக்க யாரும் வரலையே என்று கேட்பது போல.

உரிமையாளர் சாம் ஹம்மாம் நடுவில் டப்ளினுக்கு, அதாவது வேறு நாட்டுக்கே, கிளப்பைக் கொண்டுபோகலாமா என்று பார்த்தார். ரசிகர்கள் எதிர்த்து அது நின்றது. 1997ல் நார்வே முதலீட்டாளர்கள் வந்தார்கள். 1998ல் ப்ளவ் லேன் நிலம் சேஃப்வே சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2000 மே 14 அன்று, கோப்பை ஜெயித்து சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தேதியில், டீம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது.

2001 ஆகஸ்டில் நிர்வாகம் அறிவித்தது: மில்டன் கீன்ஸுக்குப் போகிறோம். இது லண்டனுக்கு வடக்கே, விம்பிள்டனிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 1967ல் அரசு திட்டம் போட்டு உருவாக்கிய புது நகரம். லீக்கில் ஆடும் கிளப் அங்கே இல்லை. கீழேயிருந்து ஒன்றை வளர்க்க எத்தனை வருஷம் ஆகும்? ரெடிமேடாக ஒன்று கிடைத்தால் வேலை சுலபம். அங்கே ஸ்டேடியம் வருவதும் ஆஸ்டா சூப்பர் மார்க்கெட், ஐகியா கடை எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய கட்டுமானத் திட்டத்தோடுதான். ஆக, பழைய மைதானம் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனது, புது மைதானம் இன்னொரு சூப்பர் மார்க்கெட்டோடு வந்தது.

அமெரிக்காவில் இது சாதாரணம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் 1957 சீசனோடு நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டது. இங்கிலாந்தில் கிளப் என்பது ஊரின் பெயரோடு ஒட்டியது, ஊர்க் கோயில் மாதிரி. உற்சவரைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஜில்லாவில் வைத்துவிட்டு, "சாமி அதே சாமிதான், நீங்க பஸ் பிடிச்சு வாங்க" என்றால் ஊர் ஒத்துக்கொள்ளுமா? நமக்கும் இதில் ஒரு சின்ன அனுபவம் உண்டு. 2018ல் காவிரிப் போராட்டத்தால் சி.எஸ்.கே. மேட்ச்கள் புனேவுக்குப் போனபோது ரசிகர்களுக்காக ஒரு ரயிலே விட்டார்கள். ஆனால் அது ஒரு சீசன். திரும்பி வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

கால்பந்து அமைப்பான எஃப்.ஏ. நியமித்த மூவர் குழு, 2002 மே 28 அன்று இரண்டுக்கு ஒன்று என்று இடமாற்றத்துக்கு அனுமதி கொடுத்தது. தீர்ப்போடு ஒரு கருத்தும் சொன்னார்கள்: ரசிகர்கள் விம்பிள்டனில் புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்று. இதைவிட நல்ல விளம்பரத்தை ரசிகர்கள் காசு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது.

இரண்டே நாளில், மே 30 அன்று, ரசிகர்கள் கூட்டம். மேல்முறையீடு, வழக்கு, போராட்டம் என்று பேச்சு போனது. அங்கே கிரிஸ் ஸ்டுவர்ட் என்ற ரசிகர் எழுந்து, சண்டை போட்டு அலுத்துவிட்டது, எனக்கு உட்கார்ந்து கால்பந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்ற பொருளில் பேசினார். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் பிறந்த இடம் அதுதான். அவர்தான் முதல் சேர்மன். ஜூன் 29 அன்று ஆட்டக்காரர்கள் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள், 230 பேர் வந்தார்கள். இடம் விம்பிள்டன் காமன், 1889ல் அந்தப் பையன்கள் ஆடத் தொடங்கிய அதே வெளி. ஜூலை 10 அன்று முதல் ஆட்டம். எதிராளி? சட்டன் யுனைடெட். 4-0 என்று தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657 பேர்.

தீர்ப்பு வந்த நாளிலிருந்து இதற்கு ஆறு வாரம். நான் சாஃப்ட்வேர் ஆள், ஆறு வாரத்தில் ஒரு சின்ன ரிலீஸ் தள்ளுவதற்கே எத்தனை மீட்டிங் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒரு கிளப், சட்டை, மைதானம், கோச், லீக்கில் இடம் எல்லாமே, ஆபீஸ் வேலை முடிந்து மாலையில் கூடியவர்கள் செய்தது.

சேர்ந்த லீக் கம்பைன்ட் கவுன்டிஸ் லீக். ஏறக்குறைய அடிமட்டம். முதல் லீக் ஆட்டம் சாண்ட்ஹர்ஸ்ட் டவுன் என்ற சின்ன ஊர் டீமோடு, 2-1 வெற்றி. சில டஜன் பேர் வந்து போகிற மைதானத்தில் அன்று 2,449 பேர். அதே நேரத்தில் பழைய விம்பிள்டன் எஃப்.சி. இன்னும் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் இரண்டாவது டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. ரசிகர்கள் புறக்கணிப்பால் சில ஆட்டங்களுக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. 2003ல் அந்த கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய், அந்த செப்டம்பரில் மில்டன் கீன்ஸ் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருஷம் பெயரும் மாறியது: எம்.கே. டான்ஸ்.

எங்கள் தொழிலில் இதற்கு ஃபோர்க் என்று பெயர். ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றைக் கம்பெனி வேறு திசையில் இழுத்தால், எழுதிக்கொண்டிருந்தவர்கள் கோடை அப்படியே நகல் எடுத்து வேறு பெயரில் தொடர்வார்கள். 2010ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து லிப்ரே ஆபீஸ் பிரிந்தது அப்படித்தான். டிரேட்மார்க் கம்பெனியிடம், ஆட்கள் இந்தப் பக்கம். ஆனால் மென்பொருளில் ஒரு வசதி உண்டு: பிரிந்த இரண்டு பக்கமும் பழைய ஹிஸ்டரி முழுசாகப் போகும். கால்பந்தில் 1988 கோப்பை ஒன்றுதான். அது யாருடையது? சட்டப்படி அந்த கம்பெனியும் லீக் இடமும் போனது மில்டன் கீன்ஸுக்கு. ஆனால் அன்று வெம்ப்ளியில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் இருப்பது இங்கே. கடைசியில் 2007ல் எம்.கே. டான்ஸ் விட்டுக்கொடுத்தது. விம்பிள்டன் எஃப்.சி.யின் வரலாற்றுக்கு இனி உரிமை கோரமாட்டோம் என்று ஒப்புக்கொண்டு, கோப்பை நகல் உள்ளிட்ட நினைவுப் பொருட்களை மெர்டன் உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைத்தார்கள். விம்பிள்டன் அந்த மெர்டனுக்குள்தான் வருகிறது. நான் அறிந்தவரை ஒரு கிளப் தன் கடந்த காலத்தைச் சட்டபூர்வமாகத் திருப்பிக் கொடுத்தது அபூர்வம்.

எல்லா ரசிகர்களும் ஒரே பக்கம் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். சிலர் மில்டன் கீன்ஸுக்கே தொடர்ந்து போனார்கள், டீம்தானே முக்கியம் என்று. சிலருக்குக் கால்பந்தே விட்டுப்போனது. புது கிளப்பை எவ்வளவு முயன்றும் அதே கிளப் என்று மனசு ஏற்கவில்லை என்று ஒதுங்கியவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கடைசி வகை ஆட்களின் கதைதான் அதிகம் உறுத்துகிறது. ஜெயித்த கதையில் அவர்களுக்கு இடம் இல்லை.

ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கிளப் ரசிகர்கள் அமைத்த டான்ஸ் டிரஸ்ட்டின் கையில். ஒரு ஆள் ஒரு வோட்டு. 2003ல் பங்கு விற்றுப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, பக்கத்து கிங்ஸ்டனில் கிங்ஸ்மெடோ மைதானத்தை எடுத்தார்கள். அன்று லீட்ஸில் பெனால்டியைப் பிடித்த டிக்கி கை இந்தப் புது கிளப்பின் தலைவராக வந்து உட்கார்ந்தார். 2003 முதல் 2004 கடைசி வரை லீக்கில் 78 ஆட்டங்கள் தோற்கவே இல்லை. 2011 மே 21 அன்று லூட்டனோடு பிளே-ஆஃப் இறுதி, 0-0, பெனால்டியில் 4-3. ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலேறி லீக்குக்குள். முதல் தடவையும் ஒன்பது வருஷம், இந்தத் தடவையும் ஒன்பது.

2012 டிசம்பர் 2 அன்று எஃப்.ஏ. கோப்பையில் இரண்டு கிளப்பும் முதல் தடவை மோதின. அந்த மைதானத்தில் காலடி வைக்கலாமா கூடாதா என்று ரசிகர்களுக்குள்ளேயே பெரிய விவாதம். 2-1 என்று எம்.கே. டான்ஸ் ஜெயித்தது, அதுவும் கடைசி நிமிஷங்களில் குதிகாலில் பட்டுப் போன கோல். 2017ல் கிங்ஸ்மெடோவில் ஆடியபோது ஸ்கோர்போர்டிலும் மேட்ச் புத்தகத்திலும் எதிரணியின் பெயரை "மில்டன் கீன்ஸ்" என்று மட்டும் போட்டார்கள். "டான்ஸ்" என்பது விம்பிள்டனின் செல்லப்பெயர், அதை அவர்களுக்குத் தர மாட்டோம் என்பது நிலைப்பாடு. லீக் நிர்வாகம் இதற்காகக் குற்றச்சாட்டே பதிவு செய்தது. பதினைந்து வருஷம் ஆகியும் ஒரு சொல்லுக்கு இத்தனை வீம்பு.

இன்னொரு பக்கத்தையும் எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது. 2014 ஆகஸ்டில் லீக் கோப்பையில் எம்.கே. டான்ஸ் மான்செஸ்டர் யுனைடெடை 4-0 என்று அடித்து நொறுக்கியது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த டெலே அல்லி அன்று ஆடினார். எட்டு வயசில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்ச் பார்த்த ஒரு மில்டன் கீன்ஸ் பையனை நினைத்துப் பாருங்கள். 2002 தீர்ப்பு அவன் பிறக்கும் முன் நடந்தது. அவனுக்கும் அதே எலும்புக்கூடுதான்: முதல் மேட்ச், முதல் மஃப்ளர், பள்ளிக்கூடம், வேலை. போகிற ஊரில் எல்லாம் "உன் கிளப் திருட்டு கிளப்" என்று பாட்டுக் கேட்க வேண்டும். இந்த விவகாரத்தில் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். இருந்தாலும் அந்தப் பையனிடம் உன் விசுவாசம் இரண்டாம் தரம் என்று என்னால் சொல்ல முடியாது. அவன் வேறு எங்கே போயிருக்க வேண்டும்?

2016 மே 30, வெம்ப்ளியில் பிளிமத்தை 2-0 என்று ஜெயித்து ஏ.எஃப்.சி. விம்பிள்டன் மூன்றாம் டிவிஷனுக்கு வந்தது. அந்த மே 30 கூட்டம் நடந்து சரியாகப் பதினான்கு வருஷம். அங்கே எம்.கே. டான்ஸும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு வருஷத்தில் அவர்கள் இன்னும் கீழே போக, இவர்கள் நின்றார்கள்.

ப்ளவ் லேனின் பழைய மைதானத்தில் சூப்பர் மார்க்கெட் வரவே இல்லை. நிலம் சும்மா கிடந்து, இடிபட்டு, இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அந்த வளாகத்துக்கு ரெனால்ட்ஸ் கேட் என்று பெயர், நான்கு கோலையும் தலையால் முட்டிப் போட்ட அதே ரெனால்ட்ஸ். அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், அதே தெருவில், பழைய நாய்ப் பந்தய மைதானம் இருந்த இடத்தில் புது ஸ்டேடியம் கட்டினார்கள். கடைசியில் பணம் போதவில்லை. வெளி முதலீட்டாளருக்குப் பங்கை விற்பதா என்ற பேச்சு வந்தபோது, ரசிகர்கள் கடன் பத்திரம் வெளியிட்டு ஐம்பது லட்சம் பவுண்டுக்கு மேல் தங்களுக்குள்ளேயே திரட்டினார்கள்.

2020 நவம்பர் 3 அன்று முதல் ஆட்டம். டான்காஸ்டரோடு 2-2. இருபத்தொன்பது வருஷம் கழித்து வீடு திரும்பிய அன்று கோவிட் கட்டுப்பாடு. உள்ளே ஒரு ரசிகர்கூட இல்லை, எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து திரையில்தான் பார்த்தார்கள்.